திருச்செந்தூரைப் பேனாவிலும் வாஷிலும் வரைய: பெஸ்தாரி ஜெயா கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடலாம். கையில் இருக்கும் காசில் பாதியைத் தாளுக்குக் கொடுங்கள். அடுத்தது பேனா. மிச்சம் இருப்பதில் வர்ணமும் தூரிகையும் வாங்கினால் போதும். கடைக்குப் போகிற பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 36 நிறப் பெட்டியை ஆசையாக எடுத்துக்கொண்டு, தாளுக்குப் பிள்ளையின் டிராயிங் பிளாக்கே போதும் என்று வந்துவிடுகிறார்கள். திருச்செந்தூர் முருகன் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தையும் அதன் பின்னால் விரியும் வானத்தையும் அந்தத் தாள் தாங்காது.

பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா போன்ற மலேசியத் தோட்டப்புற ஊரில் ஸ்டேஷனரி கடை என்றால் அது பள்ளிக்கூடத்தை நம்பி நடக்கும் கடை. அங்கே டிராயிங் பிளாக், டியூப் வர்ணம், நைலான் தூரிகை, மாஸ்கிங் டேப், கிளிப், நார்முனைப் பேனா எல்லாம் இருக்கும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளையும், ஊற்றுப்பேனாவில் போடக்கூடிய தண்ணீரில் கரையாத மையையும், ஒற்றை டியூப்பாக விற்கும் வர்ணத்தையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இவற்றுக்குக் கிள்ளானோ கோலாலம்பூரோ போக வேண்டும், அல்லது ஷோப்பி இணையக் கடையில் ஆர்டர் போட வேண்டும். இந்த எல்லைக்குள் நின்றுதான் ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

தாள்

டிராயிங் பிளாக்கின் அட்டையில் ஜிஎஸ்எம் எண் அச்சிட்டிருக்கும். 200க்குக் கீழே இருந்தால் கிரேயானுக்கும் கலர் பென்சிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்து பரப்பாக இழுக்கும் வர்ணம், போட்டால் மூன்று கோளாறு வரும். தாள் ஈரத்தில் அலையலையாக எழும்பும், வர்ணம் பள்ளங்களில் இறங்கிக் கோடுகோடாகக் காயும். இரண்டாவது, தண்ணீர் உடனே இறங்காமல் தடுக்கத் தாளில் ஏற்றும் பசை இதில் குறைவு. அதனால் தூரிகை பட்டதும் தண்ணீரை உறிஞ்சிவிடும், வானத்தை ஒரே பரப்பாக இழுத்துக்கொண்டு போக முடியாது. மூன்றாவதுதான் பேனாக்காரர்களுக்குப் பெரிய தொல்லை. இரண்டாம் வாஷ் போட்டதும் தாளின் மேல்பரப்பு உரிந்து பொடிப்பொடியாகச் சுருளும். அதன் மேல் மறுபடி கோடு போட்டால் அந்த நார் பேனா முனையில் சிக்கிக்கொள்ளும், கோடு தடித்துக் கலங்கும்.

300 ஜிஎஸ்எம், கோல்டு பிரஸ் (லேசான மேடுபள்ளம் உள்ள தாள்). இதற்குக் குறைத்து வாங்க வேண்டாம். கான்சன் எக்ஸ்எல் வாட்டர்கலர் மரக்கூழ்த் தாள், மான்ட்வாலும் அப்படியே. இரண்டுமே பேனாவோடு நன்றாக ஒத்துப்போகும். மரக்கூழ்த் தாளில் வர்ணம் மேலாகத் தங்குவதால் ஈரத் தூரிகையால் மறுபடி எடுத்துவிடவும் முடியும், பழகுகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். முழுப் பருத்தியில் செய்த ஆர்ஷ் தாள் வேறு ரகம். வாஷ் மேல் வாஷ் எத்தனை ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். விலை பல மடங்கு, ஆனால் வரையத் தெரிந்தவர் கையில் அந்த விலை வீண் போகாது.

பக்தர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இதில் உண்டு. ஆர்ஷ் தாளுக்கு ஏற்றும் பசை ஜெலட்டின், அதாவது விலங்கிலிருந்து எடுப்பது. கந்த சஷ்டி விரதம் இருந்துகொண்டு முருகன் கோயிலை வரைகிறவர்களில் சிலருக்கு இது உறுத்தும். கொலின்ஸ்கி தூரிகையின் முடியும் வீசல் என்ற சிறு பிராணியினுடையது, ஹாக் தூரிகை பன்றி முடி. செயற்கை நார்த் தூரிகை இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும் என்பதால் தூரிகையில் சங்கடமே இல்லை. தாளுக்குத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவையும் யோசிக்க வேண்டும். பையில் அடங்கும் என்று ஏ5 வாங்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளை நிற்க வைத்தால் உயரம் 297 மில்லிமீட்டர். கோபுரத்துக்கு அதில் 180 கொடுத்தால், கீழ்க் கல் தளத்துக்கு 35, உச்சிச் சாலைக்கு (உச்சியில் உள்ள நீண்ட வளைவுக் கூரை) 20 போக ஒன்பது நிலைகளுக்கு 125 மிஞ்சும். கீழ் நிலை 18, மேல் நிலை 10 என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். சிலைகளைக் குறிப்பாகவாவது காட்ட இந்த அளவு இடம் கொடுக்கும். ஏ5-இல் ஒரு நிலைக்குச் சராசரி பத்து மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. 0.45 முனையை வைத்துக்கொண்டு அதற்குள் எதையும் சொல்ல முடியாது, கோபுரம் கறுத்துப்போகும். ஏ5 கடற்கரைக் காட்சிக்கும் ஆட்களுக்கும் இருக்கட்டும், கோபுரத்துக்கு ஏ4.

பேனாவும் மையும்

பேனாவும் வாஷும் சேர்ந்த வேலையில் மை கரைந்தால் எல்லாம் போச்சு. சாதாரண ஊற்றுப்பேனா மைகள் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயத்தில் செய்தவை. ஜெல் பேனாக்களிலும் பல அப்படித்தான். மேலே தண்ணீர் பட்டால் கோடு ஊதா நிறமாகவோ சாம்பலாகவோ வழியும். பேனாவின் உடம்பில் பிக்மென்ட் (கரையாத நிறத்துகள்), வாட்டர்புரூஃப் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். சக்குரா பிக்மா மைக்ரான், யூனி பின் இரண்டும் இந்த வகை. தோட்டப்புற ஊர்க் கடையிலும் இவற்றில் ஒன்று கிடைத்துவிடும். கடைக்கார அண்ணனிடம் "தண்ணி பட்டா கலையாத பேனா" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

மைக்ரானில் 01 என்றால் 0.25 மில்லிமீட்டர், 03 என்றால் 0.35, 05 என்றால் 0.45. இந்த மூன்றும் போதும். 005 மிக நுணுக்கமானது, 0.20. கோல்டு பிரஸ் தாளின் மேடுபள்ளத்தில் அந்த முனை சீக்கிரம் தேய்ந்து உள்ளே போய்விடும். நார்முனைப் பேனா எதுவாக இருந்தாலும் சொரசொரப்பான தாளில் அழுத்தி வரைந்தால் ஆயுள் குறையும். பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, தாளைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். தேய்ந்த பேனாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மங்கலாக, விட்டுவிட்டு வரும் அந்தக் கோடு தூரத்து மண்டபத்துக்கு ரொம்பப் பொருந்தும்.

தொடர்ந்து வரைகிறவர்களுக்கு நார்முனைப் பேனா காசைத் தின்னும். பிளாட்டினம் பிரெப்பி என்ற மலிவான ஊற்றுப்பேனாவில் அதே கம்பெனியின் கார்பன் மைக் குழாயைப் போட்டால் நல்ல ஆழ்ந்த கறுப்பு, காய்ந்தபின் கரையாது. கரித்துகள் கலந்த மை பேனாவுக்குள் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்பதுதான் இதில் உள்ள பயம். பிரெப்பியின் மூடிக்குள் காற்றை அடைக்கும் ஏற்பாடு இருப்பதால் அந்தப் பயம் பாதி குறைகிறது. மை மாற்றும்போதெல்லாம் முனையைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றுப்பேனாவில் ஊற்றாதீர்கள். அது காய்ந்தால் திரும்பக் கரையாது, பேனா அதோடு சரி. தொட்டு எழுதும் நிப்புக்கு அது நல்ல மை.

எந்த மையானாலும் வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வரையப்போகும் அதே தாளின் ஓரத்தில் நான்கு கோடு போடுங்கள். ஒன்றின் மேல் உடனே ஈரத் தூரிகையை இழுங்கள், அடுத்ததன் மேல் ஒரு நிமிடம் கழித்து, அடுத்தது ஐந்து நிமிடம், கடைசி அரைமணி. எந்தக் கோடு முதலில் கலங்காமல் இருக்கிறதோ அதற்கு விட்ட நேரம்தான் உங்கள் காத்திருப்பு நேரம். பசை நன்றாக ஏறிய தாளில் மை உள்ளே இறங்காமல் மேலே கிடப்பதால் காய அதிக நேரம் பிடிக்கும். நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்தில் அது இன்னும் நீளும். அதனால் வேறு யாரோ சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம்.

வர்ணம்

பள்ளிக்கூட டியூப் வர்ணம் பலவற்றில் வெள்ளை நிரப்புப் பொருள் சேர்ந்திருக்கும். போஸ்டர் மாதிரி அடர்த்தியாகப் பூச அது நல்லதுதான். பேனாக் கோட்டின் மேல் போட்டால் பால் ஊற்றியதுபோல் கோடு மங்கிவிடும். நாம் கஷ்டப்பட்டுப் போட்ட கறுப்பு சாம்பலாகும். கடையிலேயே சோதிக்க வழி உண்டு: கறுப்புக் கோடு போட்ட தாளில் அந்த வர்ணத்தைத் தண்ணீர்ப்பதமாகப் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். கோடு கறுப்பாகவே தெரிந்தால் வாங்கலாம்.

சக்குரா கோய் பாக்கெட் பெட்டி, வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் பாக்கெட் பெட்டி இரண்டும் மாணவர் தரம், கையடக்கம். யாத்திரைப் பையில் போட்டுக்கொள்ள இவற்றை விட வசதியானது கிடையாது. கோய் பெட்டியோடு, கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தண்ணீர்த் தூரிகையும் வரும்.

நிறங்களில் உண்மையில் வேலை செய்வது ஆறுதான். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், தாலோ நீலம், ஒரு ரோஸ், ஒரு எலுமிச்சை மஞ்சள். முதல் இரண்டையும் கலந்தால் கல் மண்டபத்துக்கும் நிழலுக்கும் வேண்டிய சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் வெயில் பட்ட கல். அல்ட்ராமரினின் துகள் கோல்டு பிரஸ் தாளின் குழிகளில் தங்கிச் சொரசொரப்பாகக் காயும், கருங்கல்லுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். குப்பியில் வரும் கறுப்பை நிழலுக்கு எடுக்காதீர்கள். பேனாவின் கறுப்போடு அது போட்டி போடும். அலிசரின் கிரிம்சன் வாங்கும்போது டியூப்பில் பிஆர்83 என்ற நிறப்பொருள் எண் இருந்தால் வேண்டாம், வெளிச்சத்தில் வெளுக்கும். பிவி19 என்றிருக்கும் ரோஸ் நிலைத்து நிற்கும்.

தூரிகையில் 8 அல்லது 10 எண் உருண்டைத் தூரிகை ஒன்று, 4 எண் ஒன்று, வானத்துக்கு ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை. ஊர்க் கடையில் கிடைக்கும் நைலான் தூரிகையை நனைத்து உதறிப் பாருங்கள், முனை ஒன்றாகக் கூடினால் வாங்கலாம். தண்ணீர்த் தூரிகை ஆட்களையும் சின்ன நிழல்களையும் தொட நல்லது. பெரிய வாஷுக்கு ஆகாது. அழுத்தும்போது தண்ணீர் சட்டென்று கொட்டி, பாதி காய்ந்த இடத்தில் பூப்போல விரிந்து கறையாகும்.

கோயிலில் எப்படி நடக்கிறது

இந்தப் பொருள்களை எடைபோட வேண்டிய இடம் மேசை அல்ல, திருச்செந்தூர்க் கடற்கரை. ஆறுபடை வீடுகளில் கடலோரமாக இருப்பது இதுதான். மன்னார் வளைகுடா கிழக்கே, ராஜகோபுரம் கோயிலின் மேற்கே. இந்த அமைப்பு வரைகிறவருக்கு ரொம்ப முக்கியம். கடற்கரையில் நின்று பார்த்தால் கோயில் மண்டபங்கள் முன்னே, கோபுரம் அவற்றுக்குப் பின்னே. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கோபுரத்தின் கிழக்கு முகம் முழுக்க வெளிச்சம் வாங்கும். பிற்பகலில் எதிர்வெயில், நிழலுருவம்தான் மிஞ்சும். உச்சி வேளையில் சிலைகளின் நிழல் சிறுத்துப்போய்க் கோபுரம் தட்டையாகத் தெரியும். எட்டரை மணிக்குள் பென்சில் கோட்டை முடித்து நிழலின் எல்லையைக் குறித்துவிடுவது நல்லது. அப்புறம் நிழல் நகர்ந்தாலும் குறித்ததை மாற்றக்கூடாது.

2025 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது. குடமுழுக்குக்குப் புது வர்ணம் பூசுவது வழக்கம் என்பதால், பழைய புகைப்படத்தை வைத்து நிறம் தீட்டாமல், போகும்போது இருக்கும் நிறத்தைப் பார்த்துத் தீட்டுங்கள். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை உண்டு. ஆகவே உள்ளே படம் எடுத்துவந்து வீட்டில் வரையலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வெளிப்புறக் காட்சிதான் நமக்கு வேலை.

கோபுரத்தை வெளிக்கோட்டிலிருந்து தொடங்கினால் சாய்ந்துபோகும். ஒவ்வொரு நிலையிலும் நடுவில் ஒரு வாசல் திறப்பு இருக்கிறது. கீழிருந்து மேலாக அந்த இருண்ட திறப்புகளை முதலில் ஒரே செங்குத்துக் கோட்டில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இருபக்கமும் சம தூரம். பக்கக் கோடுகளை ஸ்கேல் வைத்ததுபோல் நேராகப் போடாமல், மேலே போகப்போக மெல்ல உள்வாங்க விடுங்கள். நிலைகளின் கிடைக்கோடுகள் கண் மட்டத்துக்கு மேலே இருப்பதால், மூலைப் பார்வையில் ஓரங்களை நோக்கிக் கீழே இறங்கும். மேலே போகப்போக அந்தச் சரிவு கூடும்.

சிலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைவது வீண். நிலைக்கு நிலை திரும்பி வரும் ஒழுங்கைப் பிடியுங்கள்: மூலைகளில் கர்ணகூடம் (சதுரச் சிறு கோயில் வடிவம்), நடுவில் சாலை (நீண்ட வளைவுக் கூரை வடிவம்), இடையில் பஞ்சரம் (ஒடுங்கிய சிறு மாடம்). இவற்றின் வளைந்த கூரைகளை 03 பேனாவால் போட்டுவிட்டு, அவற்றின் அடிநிழலை மட்டும் 05-ஆல் அழுத்துங்கள். நிழலிலிருந்து ஒரு தலை, ஒரு தோள், மடக்கிய ஒரு முழங்கை வெளியே வந்தால் போதும், பார்ப்பவர் கண் மற்றதை இட்டுக்கொள்ளும். வெயில் பட்ட பக்கத்தில் கோட்டைப் பாதியில் விட்டுவிடுங்கள். எல்லாக் கோட்டையும் மூடிவிட்டால் வாஷுக்கு வேலையே இல்லாமல் போகும்.

வாஷ் மூன்று சுற்று. முதலில் வானம். இங்கேதான் நம் ஊரில் பழகிய கை தடுமாறும். பெஸ்தாரி ஜெயாவின் ஈரக்காற்றில் வாஷ் மெதுவாகக் காயும், சாவகாசமாக இழுக்கலாம். திருச்செந்தூரில் கடற்காற்று அடிக்கும், கோபுரத்தின் ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கம் வருவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழும். வானப் பரப்பை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, வேண்டிய அளவை விட இரண்டு பங்கு வர்ணத்தை முன்னமே கரைத்து வைத்துக்கொண்டு, பலகையை லேசாகச் சாய்த்துப் பூசுங்கள். வீட்டிலேயே காற்றாடியை முழு வேகத்தில் வைத்துப் பழகிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. இரண்டாம் சுற்றில் கோபுரத்துக்கு ஓக்கரும் துளி ரோஸும் கலந்த வெளிர் பூச்சு, வெயில் பட்ட முனைகளில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டு. மூன்றாவது நிழல். நிழலை ஒரே மூச்சில், ஒரே பரப்பாக, சிலைகளின் மேலேயே போட்டுக்கொண்டு போக வேண்டும். சிலைக்குச் சிலை தனித்தனியாக நிழல் வைத்தால் கோபுரம் உடைந்துபோகும்.

கடலும் கோயிலும் ஒரே படத்தில் வேண்டுமானால் வள்ளி குகைப் பக்கமிருந்து தெற்கே பாருங்கள், கடல் இடக்கையில் வரும். தொடுவானத்துக்குப் பேனாக் கோடு வேண்டாம், வாஷின் ஓரமே போதும். நம் ஊர்ப் பக்கத்து ஜெரம் கடற்கரையில் பழகியவர்கள் அந்தச் சேற்றுப் பழுப்பை இங்கே கொண்டுவரக்கூடாது. தாலோ நீலத்தில் துளி ஓக்கர் சேர்த்துத் தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நீராடும் ஜனங்களுக்கு ஒரு விதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதளக் கரையில் நிற்கும் பெரியவர்களின் தலைகள், பக்கத்திலிருந்தாலும் தூரத்திலிருந்தாலும், ஏறக்குறைய தொடுவான மட்டத்திலேயே இருக்கும். உட்கார்ந்து வரைந்தால் தலைகள் அதற்கு மேலே ஏறும். தண்ணீரில் நிற்பவர்களுக்குக் கால் வரையாதீர்கள், நீர்க்கோட்டில் உடம்பை வெட்டிவிட்டுக் கீழே ஒரு குறுக்குத் தீற்றல். பாதயாத்திரை வந்தவர்களின் பச்சை வேட்டிக்குத் தாலோ நீலமும் எலுமிச்சை மஞ்சளும் கலந்து, துளி சியன்னாவால் அடக்கினால் துருத்திக்கொண்டு நிற்காது.

கடல் தண்ணீரில் வர்ணம் கரைக்க வேண்டாம். உப்பு தாளில் தங்கி, ஊருக்கு வந்தபின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குடிதண்ணீர் பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். அழுக்குத் தண்ணீரை இன்னொரு பாட்டிலில் பிடித்து வெளியே வந்து கொட்டுங்கள். நாழிக் கிணற்றுப் பக்கம் தூரிகையைக் கொண்டுபோகவே கூடாது, அது தீர்த்தம்.

கொண்டுபோவதும் வைத்துக்கொள்வதும்

விமானத்தில் ஊற்றுப்பேனாவை முனை மேலே பார்க்க வையுங்கள். மை பாதி இருந்தால்தான் உள்ளே உள்ள காற்று விரிந்து கசியும், முழுதாக நிரப்புங்கள் அல்லது காலியாக எடுத்துப்போங்கள். மைக்குழாய் எடுத்துப்போனால் குப்பித் தொல்லையே இல்லை. கட்டர் கத்தி கைப்பையில் போகாது.

நம் சீதோஷ்ணத்தில் பெட்டி வர்ணத்தில் பூஞ்சை பிடிப்பது சகஜம். காரணம், ஈரத்தோடு மூடிவைப்பது. வேலை முடிந்த இரவு பெட்டியைத் திறந்தபடியே காற்றாடியின் கீழ் விட்டு, மறுநாள் மூடுங்கள். வாங்கிய தாளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஈரத்தில் நாள்பட இருந்தால் பசை ஏற்றம் கெட்டு, வாஷ் போடும்போது திட்டுத்திட்டாகத் தண்ணீரை உறிஞ்சும். அப்படிப்பட்ட தாளைத் திரும்பச் சரிசெய்ய எளிய வழி கிடையாது. ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், அலமாரியில் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஆன்லைனில் தாள் வாங்கும்போது பிளாஸ்டிக் உறை பிரிக்காததாகக் கேட்டு வாங்குங்கள், வந்ததும் மூலையில் ஒரு துளி தண்ணீர் வைத்துப் பாருங்கள். துளி மேலே நின்றால் நல்ல தாள், உடனே இறங்கினால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

முடித்த படத்தைக் கண்ணாடியில் நேராக ஒட்டிச் சட்டம் போடக்கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும் ஈரம் படத்தில் இறங்கும். சாமி அறையில் மாட்டுவதாக இருந்தால் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் நேரே ஏறாத சுவராகப் பாருங்கள்.